அரசுகள் அமர்த்திய பொதுக் கிராணி

தூது செல்வோனுக்கென ஓர் அதிகாரமே வகுத்துத் தந்தார் வள்ளுவர். ஒரு வேந்தன் சொல்லை மற்றொரு வேந்தன் அவையில் எடுத்துரைக்கும் செயலை நம் முன்னோர் எத்துணைப் பெரிதாகக் கருதினர் என்பதற்கு அதுவே சான்று. வரி விதித்தல், படை வைத்தல், பிற நாட்டாரோடு தன் பெயரால் பேசுதல் ஆகிய இவையே அரசுரிமையின் உயிர்நிலைகள். இவற்றுள் மூன்றாவதை இழந்த நாடு என்னவாகும் என்பதற்கு நாம் தொலைவில் சென்று தேட வேண்டுவதில்லை. 1885-ஆம் ஆண்டில் ஜொகூர் அரசர் ஆங்கிலேயருடன் செய்துகொண்ட உடன்படிக்கையில், அவர்தம் அறிவும் இசைவுமின்றி அன்னிய அரசுகளோடு பேசுவதில்லை என ஒப்புக்கொண்டார். முப்பதாண்டு கழியுமுன், 1914-இல், ஆங்கிலேயப் பொது ஆலோசகர் ஒருவர் ஜொகூரில் வந்தமர்ந்தார். வாயை ஒப்படைத்தவர் வீட்டையும் ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

அங்ஙனமிருக்க, எவரும் துப்பாக்கி காட்டி மிரட்டாதிருக்கவும், ஆறு நாடுகள் தாமாகவே கூடி, அயல்நாடுகளோடு வாணிபம் பற்றித் தனித்தனியே பேசும் உரிமையை நீக்கிக்கொண்டு, தங்கள் அனைவர்க்குமாக ஒரு பொது அலுவலகம் பேசுவதாகுக என்று எழுதிக் கையொப்பமிட்டன என்றால், அது வியப்பன்றோ? 1957-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25-ந் தேதி ரோமாபுரியில் பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், ஹாலந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகளும் செய்தது இதுவே. இன்று அந்த ஆறு இருபத்தேழாக வளர்ந்து ஐரோப்பிய ஒன்றியம் என நிற்கிறது.

இதன் காரணம் யாது? நாடுகளின் நல்லெண்ணம் என்பர் சிலர். போரின் கொடுமை கற்பித்த ஞானம் என்பர் வேறு சிலர். இவ்விரண்டையும் நாம் முற்றாகத் தள்ளவில்லை. ஆயினும் இவை மட்டும் போதா என்பது நமது துணிபு. நாம் படித்தறிந்த வரையில், அரசுகள் தம் அதிகாரத்தைப் பொது இடத்தில் கொண்டுபோய் வைப்பது ஒருவர்மேல் ஒருவர் கொண்ட அன்பினாலன்று. ஒருவர்மேல் ஒருவர் கொண்ட ஐயத்தினால்.

ஐரோப்பாவுக்குக் கப்பலேறுமுன், இதற்கொரு முன்கதை நம் ரப்பர்க் காட்டிலேயே இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் போவோம். முதல் உலகப்போர் ஓய்ந்த சில ஆண்டுகளில் ரப்பர் விலை சரிந்தது. 1922 நவம்பரில் ஆங்கிலேயர் மலாயாவிலும் இலங்கையிலும் ஸ்டீவன்சன் திட்டம் என்னும் கட்டுப்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்து, இன்ன தோட்டம் இவ்வளவே ஏற்றுமதி செய்யலாம் என்று அளவு குறித்தனர். சரக்குக் குறைந்தது, விலை ஏறிற்று, 1925-இல் வெகுவாக ஏறிற்று. ஏறிய விலையின் பலனை உண்டவர் யார்? அத்திட்டத்தில் சேராது ஒதுங்கி நின்ற டச்சுக் கிழக்கிந்தியத் தீவினர்! நீரிணைக்கு இப்பால் மரத்தில் கத்தி படாது காத்திருக்க, அப்பால் சுமத்திராவில் புதுக் கன்றுகள் நடப்பட்டன. 1928 அக்டோபர் இறுதியோடு ஆங்கிலேயர் திட்டத்தைக் கைவிட்டனர். அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் விலை பாதாளத்தில் வீழ்ந்தது. ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் வேலையிழந்து, பெட்டியும் படுக்கையுமாய் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேற்றப்பட்டனர்.

அதன் பின்னரே வல்லரசுகளுக்கு அறிவு வந்தது. 1934 மே 7-ந் தேதி இலண்டனில் பிரிட்டன், பிரான்சு, ஹாலந்து, இந்தியா, சயாம் ஆகிய அரசுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு, சர்வதேச ரப்பர்க் கட்டுப்பாட்டுக் குழுவை நிறுவின. ஒவ்வொரு நாட்டிற்கும் உரிய அளவில் எத்தனை சதவீதம் கப்பலேறலாம் என்பதை அக்குழு அவ்வப்போது கூடி முடிவு செய்யும். ஆங்கிலேயன் டச்சுக்காரனை நம்பவில்லை. டச்சுக்காரனும் ஆங்கிலேயனை நம்பவில்லை. ஆனால் இருவரும் ஒரு பொதுக் கணக்கை நம்ப இசைந்தனர். பங்காளிகள் இருவர் ஒருவரையொருவர் நம்பாதபோது நடுவில் ஒரு கணக்கப்பிள்ளையை, நம் தோட்டத்து வழக்கில் ஒரு கிராணியை, அமர்த்துவது போன்றதே இது. அக்குழுவில் பால் வெட்டியவனுக்கு நாற்காலி இருக்கவில்லை என்பதையும் இங்கே குறித்து வைப்போம். அப்பேச்சு மீண்டும் வரும்.

இனி ஐரோப்பா. 1945-இல் இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது பிரெஞ்சுக்காரரை உறங்கவிடாத பெயர் ஒன்றுண்டு, அது ரூர். மேற்கு ஜெர்மனியின் அப்பகுதியில் நிலக்கரியும் எஃகாலைகளும் நிறைந்திருந்தன. எழுபதாண்டுக் காலத்தில் மும்முறை ஜெர்மானியப் படை பிரான்சுக்குள் நுழைந்தது. அப்படைக்குப் பீரங்கி வார்த்துக் கொடுத்த பூமி ரூர். ஆதலின் வெற்றி பெற்ற நாடுகள் 1949-இல் ரூருக்கென ஓர் அதிகார சபையை ஏற்படுத்தி, அதன் விளைபொருளைப் பங்கிடத் தொடங்கின. இது நெடுநாள் நிற்கக்கூடிய ஏற்பாடன்று. கட்டியவன் ஒருவன், கட்டுண்டவன் மற்றொருவன் என்றிருந்தால் கயிறு அறும் நாளையே கட்டுண்டவன் எண்ணிக்கொண்டிருப்பான். அமெரிக்கரோ, ஜெர்மனி விரைவில் எழுந்து நிற்கவேண்டும் என்று அவசரப்பட்டனர்.

இந்நிலையில் 1950 மே 9-ந் தேதி பிரெஞ்சு வெளிநாட்டு மந்திரி ராபர்ட் ஷூமான் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். ஜெர்மனியின் நிலக்கரியையும் எஃகையும் மட்டுமன்றி, பிரான்சின் நிலக்கரியையும் எஃகையும் சேர்த்தே ஒரு பொது மேலதிகாரத்தின் கீழ் வைப்போம். விரும்பும் பிற நாடுகளும் சேரலாம் என்பது அதன் சாரம். ஷூமானின் வாழ்க்கையே ஒரு பாடம். 1886-இல் லக்சம்பர்க்கில் பிறந்தவர். லோரேன் மாகாணம் ஜெர்மனியின் கையிலிருந்த காலத்தில் ஜெர்மானியக் குடிமகனாக இருந்தவர். முதல் போருக்குப் பின் அம்மாகாணம் பிரான்சுக்குத் திரும்பியபோது பிரெஞ்சுக்காரரானவர். எல்லைக்கோடு தம் வாசலைத் தாண்டி நகர்வதைக் கண்ணாரக் கண்டவருக்கு, அக்கோட்டின் மேல் பெருமதிப்பு இராமற்போனதில் வியப்பில்லை.

திட்டத்தை வரைந்தவர் ழான் மோனே. பிராந்தி வணிகக் குடும்பத்தில் பிறந்தவர் (மதுவிலக்கு அன்பர்கள் பொறுத்தருள்வாராக!), எத்தேர்தலிலும் நின்று வென்றவரல்லர். ஆனால் 1919 முதல் 1923 வரை சர்வதேச சங்கத்தில் துணைப் பொதுச் செயலாளராக இருந்தவர். எல்லோரும் ஒருமனப்பட்டாலன்றி எதுவும் நடவாது என்ற விதி அச்சங்கத்தை எவ்வாறு செயலற்றதாக்கியது என்பதை உள்ளிருந்து பார்த்தவர். அதனாலேயே தம் புதிய ஏற்பாட்டில் நாடுகளின் பிரதிநிதிகளைக் கொண்ட சபை மட்டும் போதாதென்றும், எந்நாட்டின் கட்டளைக்கும் உட்படாத ஒன்பதின்மர் கொண்ட மேலதிகார மன்றம் வேண்டுமென்றும் வற்புறுத்தினார். 1951 ஏப்ரல் 18-ந் தேதி பாரிசில் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. 1952 ஆகஸ்டில் லக்சம்பர்க்கில் அம்மன்றம் கூடியது. மோனேயே அதன் முதல் தலைவர்.

இதில் யார் எதைக் கொடுத்தார், எதைப் பெற்றார் என்று கணக்குப் பார்ப்போம். கணக்குப் பார்ப்பதே நம் தொழில் அல்லவா! பிரான்சு தன் சுரங்கங்களின் மீதிருந்த தனியுரிமையில் ஒரு பங்கைக் கொடுத்தது. ஜெர்மானியச் சுரங்கங்களின் கணக்கேட்டைப் புரட்டிப் பார்க்கும் உரிமையைப் பெற்றது. மேற்கு ஜெர்மனியின் கணக்கு இன்னும் விசித்திரமானது. அன்று அதற்கு முழுச் சுதந்திரமே இல்லை. அன்னியப் படைகள் அதன் மண்ணில் நின்றன. தன்னிடம் இல்லாத உரிமையைக் கொடுத்துவிட்டு, சமமான இருக்கை ஒன்றைப் பெற்றுக்கொண்டது. அதன் தலைமை மந்திரி அடினாவர் இத்திட்டத்தை உடனே ஏற்றதன் காரணம் இங்கேயே விளங்கும். பிரிட்டனோ சேரவில்லை. நிலக்கரிச் சுரங்கங்களை 1947-இல்தான் அது தேசிய உடைமையாக்கியிருந்தது. அதன் எண்ணம் சாம்ராஜ்யத்தின் மீதும் அமெரிக்க நட்பின் மீதும் இருந்தது. தோல்வியைக் காணாத அதற்கு அண்டை வீட்டானைக் கண்டு அச்சமும் இல்லை. அச்சமில்லாதவன் பொதுக் கிராணியைத் தேடமாட்டான்.

அடுத்த கதை நம் கூற்றை இன்னும் தெளிவாக்கும். எஃகில் வென்ற முறையைப் படையிலும் புகுத்த முயன்றனர். 1950 ஜூனில் கொரியப் போர் மூண்டதும், ஜெர்மானியருக்கு மீண்டும் ஆயுதம் கொடுத்தாக வேண்டும் என்றது அமெரிக்கா. பிரெஞ்சுக்காரர் நடுங்கினர். ஜெர்மானியப் படை என்று ஒன்று தனியே இருத்தலாகாது. ஐரோப்பியப் படை என்று ஒன்றிருக்கட்டும். அதில் ஜெர்மானியர் கலந்து நிற்கட்டும் என்று பிரெஞ்சுப் பிரதம மந்திரி பிளெவன் அதே ஆண்டு அக்டோபரில் யோசனை கூறினார். 1952 மே 27-ந் தேதி ஆறு நாடுகளும் கையொப்பமிட்டன. நான்கு நாடுகளின் பார்லிமெண்டுகள் அதை ஏற்றன. முடிவில், யோசனை கூறிய பிரான்சின் சட்டசபையே 1954 ஆகஸ்ட் 30-ந் தேதி, 319-க்கு 264 என்ற வாக்கில், மேற்கொண்டு விவாதிக்கவும் மறுத்து அதைக் குழியில் தள்ளிற்று!

ஏன் இந்தத் தடுமாற்றம்? இடைக்காலத்தில் 1953-இல் ஸ்டாலின் இறந்தார், கொரியாவில் போர் நின்றது, அச்சம் தணிந்தது. 1954 மே மாதம் இந்தோசீனாவில் தியென் பியென் பூ கோட்டை வீழ்ந்தது. காலனிகளைக் காக்கத் தனக்கெனத் தனிப்படை வேண்டுமென்று பிரான்சு எண்ணிற்று. இவற்றிற்கெல்லாம் அடியில் வேறொன்றும் இருந்தது. எஃகுக் கணக்கில் பொதுக் கிராணி பிழை செய்தால் விலை ஏறும். படைக் கணக்கில் பிழை செய்தால் பிள்ளைகள் மடிவர். ஒரு தாய் தன் மகனைப் போருக்கு அனுப்பியவர் யார் என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்ல அவள் அறிந்த முகமொன்று வேண்டும். லக்சம்பர்க்கில் ஒன்பதின்மர் அமர்ந்த மன்றம் அந்த முகமாகாது. முடிவு என்னவெனில், 1955 மே மாதம் மேற்கு ஜெர்மனி வட அட்லாண்டிக் கூட்டில் சேர்ந்து, தன் சொந்தப் படையையே அமைக்கலாயிற்று. எதற்கு அஞ்சிப் பிரெஞ்சுக்காரர் திட்டம் தீட்டினரோ, திட்டத்தை முறித்து அதையே பெற்றனர்.

படை போயிற்று, சந்தை நின்றது. 1957-இன் ரோம் உடன்படிக்கைக்கு வருவோம். ஆறு நாடுகளும் தமக்கிடையே சுங்கவரியை நீக்கிவிடத் தீர்மானித்தன. இதைச் செய்தவுடனே வெளியுலகத்தோடு பேசும் உரிமையும் தானாகவே நழுவிவிடுகிறது. எங்ஙனமெனில், ஆறு பங்காளிகள் தம் நிலங்களுக்கிடையே இருந்த வேலிகளைப் பிடுங்கிவிட்டனர் என்று கொள்வோம். இனி ஊர்ப்புறத்து வேலி ஒன்றே. ஆறு பேரில் ஒருவன் தன் பக்கத்து வாயிலைத் திறந்து வைத்தால், ஊர்மாடு முழுவதும் அவ்வழியே நுழைந்து ஆறு பேர் பயிரையும் மேயும். ஹாலந்து வரியைக் குறைத்தால் அமெரிக்கச் சரக்கு ராட்டர்டாமில் இறங்கி, வரியின்றி முனிச்சுக்கும் மிலானுக்கும் போய்ச்சேரும். ஆதலின் வெளிச்சுங்கம் ஒன்றாயிருத்தல் வேண்டும். வெளிச்சுங்கம் ஒன்றெனின், அதை ஏற்றவும் இறக்கவும் அயலாரோடு பேரம் பேசும் வாயும் ஒன்றாதல் வேண்டும். வெளிநாட்டு மந்திரிகளின் கையிலிருந்த ஒரு பெருங்காரியம் இவ்வாறு, கொடுத்தோம் என்று எவரும் முழங்காமலே, கைமாறிற்று. 1968 ஜூலை முதல் தேதி பொது வெளிச்சுங்கம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

எல்லா வாயிலும் உடனே அடைபட்டுவிடவில்லை. வாழைப்பழத்தின் கதையை நம்மவர் சுவைத்துப் படிப்பர். வாழைப்பழத்துக்கு வெளிச்சுங்கம் 20 சதவீதம் என்று குறித்தனர். பிரான்சின் கடல்கடந்த நிலங்களில் விளைந்த பழத்தைக் காக்க அது தேவைப்பட்டது. ஜெர்மானியரோ தென் அமெரிக்கப் பழத்தை வரியின்றி உண்டு பழகியவர். முடிவில், மேற்கு ஜெர்மனி மட்டும் குறிப்பிட்ட அளவு வாழைப்பழத்தை வரியின்றி இறக்கலாம் என்று தனிப் பத்திரமே எழுதி உடன்படிக்கையோடு இணைத்தனர். எஃகை விட்டார், நிலக்கரியை விட்டார், வாழைப்பழத்தை விடவில்லை! அந்தச் சலுகை 1993-இல் பொதுச் சந்தை விதியால் மறைந்தது; அதனால் தென் அமெரிக்க நாடுகளோடு எழுந்த வழக்கு 2009-இல்தான் சமரசமாயிற்று.

பொதுக் கிராணியை அமர்த்திய முதலாளிகள் அவனைக் கட்டற்று விட்டுவிடவுமில்லை. ரோம் உடன்படிக்கையின் 113-ஆம் பிரிவு சொல்லும் முறை இது: பேச்சு நடத்த வேண்டுமென்று பிரஸ்ஸல்ஸில் உள்ள ஆணைக்குழு யோசனை கூறும், மந்திரிகளின் மன்றம் அனுமதியும் எல்லையும் தரும், ஆணைக்குழு பேசும், பேசும்போதே உறுப்புநாடுகளின் அதிகாரிகள் கொண்ட தனிக் குழுவொன்று அருகிருந்து கேட்டுக்கொண்டிருக்கும், முடிவில் மந்திரிகளே முத்திரையிடுவர். அந்தக் கண்காணிப்புக் குழுவுக்கு அப்பிரிவின் எண்ணே நெடுங்காலம் பெயராக வழங்கிற்று. பேனா கிராணியிடம், மைக்கூடு முதலாளியிடம். ஆயினும் நாள்தோறும் ஏட்டைப் புரட்டுபவனுக்கே ஏட்டின் மர்மம் தெரியும். காலம் செல்லச் செல்ல, எந்தச் சரக்குக்கு எந்த நாட்டில் என்ன வரி, எவனுக்கு எங்கே வலிக்கும் என்பதில் பிரஸ்ஸல்ஸ் அலுவலகத்தார் அறிந்தது மந்திரிகள் அறிந்ததைவிட மிகுந்தது. 1971 மார்ச்சு 31-ந் தேதி பொது நீதிமன்றமும் அவர்களுக்குத் துணை நின்றது. உள்ளே பொது விதி இயற்றிய காரியத்தில் வெளியாரோடு பேசும் உரிமையும் பொதுவிடமே சேரும் என அது தீர்ப்பளித்தது.

ஒன்றாய்ப் பேசியதன் பலன் யாது என்று வினவலாம். 1962-இல் ஐரோப்பியப் பொதுச் சந்தை கோழியிறைச்சிக்கு வரியை ஏற்றிற்று. அமெரிக்கக் கோழி விற்பனை படுத்தது. அமெரிக்கா பதிலுக்குப் பிராந்தி, சிறு லாரி முதலியவற்றின்மேல் 25 சதவீத வரி விதித்தது. தனியொரு ஹாலந்தோ பெல்ஜியமோ அமெரிக்காவோடு இத்தகைய மல்லுக்கு நின்றிருக்குமோ? அதன்பின் 1964 முதல் 1967 வரை ஜெனீவாவில் கென்னடி சுற்று என்னும் பெரும் வாணிபப் பேச்சு நடந்தது. ஆறு நாடுகளுக்காகவும் அங்கே பேசியவர் பெல்ஜியரான ழான் ரே. தொழிற்பொருள்களின் சுங்கம் சராசரியாக மூன்றில் ஒரு பங்களவு குறைந்தது. அமெரிக்காவின் எதிரே சமமாக அமர்ந்து பேரம் பேசும் ஐரோப்பியக் குரல் ஒன்று பிறந்துவிட்டதை உலகம் அப்போதே உணர்ந்தது.

அந்தப் பேச்சின் நடுவிலேயே ஒரு சோதனையும் வந்தது. 1965 ஜூலையில் பிரெஞ்சு ஜனாதிபதி தெகால் தம் மந்திரிகளைப் பிரஸ்ஸல்ஸ் மன்றத்திலிருந்து விலக்கிக்கொண்டார். பெரும்பான்மை வாக்கால் பிரான்சைப் பணியவைக்கும் நிலை வருவதை அவர் ஏற்கவில்லை. ஏழு மாதம் பிரான்சின் நாற்காலி வெறுமையாய்க் கிடந்தது. 1966 ஜனவரியில், ஒரு நாட்டின் உயிர்நலம் பற்றிய காரியத்தில் ஒருமனப்படும்வரை பேசுவது என்ற சமரசத்தோடு அவர் திரும்பினார். கோதுமை விற்கும் பிரெஞ்சு உழவருக்குப் பொதுச் சந்தை தேவைப்பட்டது. ஆதலின் தெகாலாலும் வீட்டை இடிக்க முடியவில்லை, கதவைத்தான் சாத்த முடிந்தது.

மற்றுமொரு காரணம் உண்டு. அதை மந்திரிகள் மேடையில் சொல்லார். உள்நாட்டு உழவனும் ஆலைக்காரனும் வந்து வரியை ஏற்று என்று நெருக்கும்போது, அது என் கையிலில்லை, பிரஸ்ஸல்ஸின் காரியம் என்று சொல்லிவிடலாம். தோட்டங்களில் கூலி உயர்வு கேட்டுச் செல்வோருக்கு, மேலிடத்து உத்தரவு வரவில்லை என்ற பதில் கிடைப்பதை நம் நேயர்கள் அறிவர். மேலிடம் ஒன்று இருப்பது கீழிடத்தாருக்கு எவ்வளவு வசதி! பழியைச் சுமப்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்குமாயின், அதற்குச் சம்பளம் கொடுப்பதில் எந்த அரசுக்கும் வருத்தமிராது.

வாணிபத்தில் இங்ஙனம் வேரூன்றிய முறை, போர், சமாதானம், பிறநாட்டை அங்கீகரித்தல் ஆகிய ராஜதந்திரத்தில் வேர் பிடிக்கவில்லை. 1970 முதல் வெளிநாட்டு மந்திரிகள் கூடிக் கலந்து பேசினர், ஒப்படைக்கவில்லை. 1991 டிசம்பரில் யூகோஸ்லாவியா உடைந்துகொண்டிருந்தபோது, குரோவேஷியாவையும் சுலோவேனியாவையும் 1992 ஜனவரி 15-ந் தேதி சேர்ந்தே அங்கீகரிப்பது என முடிவு செய்தனர். ஜெர்மனி டிசம்பர் 23-ந் தேதியே தனியே அங்கீகரித்துவிட்டது. 2003-இல் ஈராக் போரின்போது பிரிட்டன், ஸ்பெயின், இத்தாலி ஒரு பக்கம், பிரான்சும் ஜெர்மனியும் மறுபக்கம். 2009 டிசம்பரில் லிஸ்பன் உடன்படிக்கை வெளிவிவகாரத்துக்கென உயர் பிரதிநிதி ஒருவரையும் பின்னர்த் தூதரகச் சேவை ஒன்றையும் தந்தது. பதவி வந்தது, மாளிகை வந்தது. முக்கிய முடிவுகளுக்கு ஒருமனம் வேண்டுமென்ற விதி மட்டும் போகவில்லை. வரியில் ஒருவன் ஏமாற்றினால் மற்றவனுக்கு உடனே நட்டம்; அதனால் கிராணி தேவை. தூதில் ஒருவன் முந்திக்கொண்டால் மற்றவனுக்கு மனக்கசப்பே. அதனால் கிராணி அலங்காரம்.

இக்கதையின் ஒரு கிளை நம் கரைக்கும் வந்தது. சிங்கப்பூருடன் ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் தடையற்ற வாணிப ஒப்பந்தப் பேச்சைத் தொடங்கிற்று. பேசி முடித்த பின், இதில் கையொப்பமிடப் பிரஸ்ஸல்ஸுக்கே முழு உரிமை உண்டா, ஒவ்வொரு நாட்டின் பார்லிமெண்டும் இசைய வேண்டுமா என்ற வழக்கு எழுந்தது. 2017 மே 16-ந் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் கருத்துரை வழங்கியது: ஏறத்தாழ எல்லாப் பகுதிகளும் ஒன்றியத்தின் தனியுரிமை; நிர்வாகப் பங்கில்லாத மூலதன முதலீடும், முதலீட்டாளர் அரசின்மேல் தொடுக்கும் வழக்கின் தீர்வுமுறையும் மட்டும் நாடுகளோடு பகிர்ந்த உரிமை. உடனே ஒப்பந்தத்தை இரண்டாக வெட்டினர். வாணிபப் பகுதி 2018 அக்டோபரில் கையொப்பமாகி, 2019 நவம்பர் 21-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பியர் எதை ஒப்படைத்தனர், எதை மடியில் முடிந்து வைத்திருக்கின்றனர் என்பதற்கு எல்லைக்கல் நாட்டியது சிங்கப்பூரின் ஒப்பந்தமே.

ஆனால் அந்தப் பேச்சு ஏன் சிங்கப்பூருடன் தனியாக நடந்தது? 2007-இல் ஐரோப்பியர் ஆசியான் கூட்டுடன் மொத்தமாகவே பேசத் தொடங்கினர். நம் பக்கத்தில் மொத்தமாகப் பேசுவார் இல்லை. ஜக்கார்த்தாவில் ஆசியான் செயலகம் உண்டு. கலந்தாலோசித்தலும் ஒருமனப்படுதலும் அதன் வழி. வரியைப் பற்றி ஒருவர் பெயரால் பேச அதற்கு உரிமை கொடுத்தார் இல்லை. ஒரு நாடு பணக்காரத் துறைமுகம், ஒரு நாடு வயற்காடு, ஒரு நாட்டில் இராணுவ ஆட்சி. 2009-இல் பேச்சு நின்றது. பின்னர் ஐரோப்பியர் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டினர்: சிங்கப்பூர், மலேசியா, வியட்நாம், இந்தோனேசியா. இருபத்தேழு வீட்டார் ஒரே ஆளை அனுப்ப, பத்து வீட்டார் தனித்தனியே வாசலில் நின்று பேசினர்.

நம் நாடு பொதுக் கிராணியை அறியாததன்று. 1979-இன் உடன்படிக்கைப்படி ஏற்பட்ட சர்வதேச இயற்கை ரப்பர் அமைப்பின் தலைமையகம் கோலாலம்பூரிலேயே இருந்தது. விலை வீழ்ந்தால் ரப்பரை வாங்கிக் கிடங்கிலிடவும், ஏறினால் விற்கவும் அதன் சேமிப்பு நிர்வாகிக்கு அதிகாரம் இருந்தது. அவர் பார்த்த விலை, மலேசியச் சிங்கப்பூர்ப் பணத்தில் கணக்கிட்ட விலை. 1997-இன் நாணய நெருக்கடியில் ரிங்கிட் சரிந்தபோது, டாலரில் விலை விழுந்துகொண்டிருக்க, ரிங்கிட்டில் விழாதது போல் தோன்றிற்று; நிர்வாகி கைகட்டி நின்றார். மலேசியாவும் தாய்லாந்தும் விலகின. 1999 அக்டோபரில் கடை கட்டப்பட்டது. விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து அமர்த்திய கிராணி அவர். இருவரில் ஒருவருக்குப் பயன் நின்றதும் அவருக்கு வேலையும் நின்றது.

இனிச் செம்பனை. ரப்பர்க் காடுகள் செம்பனைக் காடுகளாக மாறிவிட்ட இந்நாளில், நம் தோட்டத்து அரிசி அதில்தான் வேகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இயற்றிய எரிபொருள் சட்டமும் 2019-இல் இயற்றிய துணைவிதியும், காடழிவுக்குக் காரணமாகுமென்று செம்பனை எண்ணெயை உயிரெரிபொருள் கணக்கிலிருந்து 2030-க்குள் படிப்படியாக நீக்க வழிசெய்தன. அங்கே அவ்விதியைப் பற்றிச் சொல்ல ஐரோப்பிய உழவனுக்கு ஒரு சங்கம் உண்டு; 2009 முதல் வாணிப ஒப்பந்தங்களை ஏற்கவும் தள்ளவும் உரிமை பெற்ற ஐரோப்பியப் பார்லிமெண்டு உண்டு. 2016-இல் பெல்ஜியத்தின் வலோனியா என்னும் ஒரு மாகாணமே கனடாவுடன் செய்த ஒப்பந்தத்தைச் சில நாள் நிறுத்தி வைத்தது. 1934-இல் பால் வெட்டியவனுக்கு நாற்காலி இல்லை என்றோமே, இன்று குலை வெட்டுபவனுக்கும் இல்லை. அவன் தமிழனாயினும் வங்காளியாயினும் இந்தோனேசியனாயினும் அதுவே நிலை.

இவ்விதியை எதிர்த்து இந்தோனேசியா 2019 டிசம்பரில் உலக வாணிப அமைப்பில் வழக்குத் தொடுத்தது. மலேசியா 2021 ஜனவரியில் வேறொரு வழக்குத் தொடுத்தது. உலகின் செம்பனை எண்ணெயில் பெரும்பகுதியை இவ்விரு நாடுகளே ஆக்குகின்றன. 2015-இல் இரண்டும் கூடிச் செம்பனை நாடுகளின் மன்றம் ஒன்றையும் நிறுவியிருந்தன. ஆயினும் வழக்கு இரண்டு, வாதம் இரண்டு, வழக்கறிஞர் கூட்டம் இரண்டு. எதிரே பதில் சொன்னது ஒரே பிரஸ்ஸல்ஸ் அலுவலகம். மலேசியாவின் வழக்கில் 2024 மார்ச்சில் அறிக்கை வெளிவந்தது: விதி இயற்றும் உரிமை ஐரோப்பாவுக்கு உண்டு, அதைத் தயாரித்த விதத்திலும் நடத்திய விதத்திலும் குறை உண்டு என்றது. இந்தோனேசியாவின் வழக்கில் 2025 ஜனவரியில் வேறோர் அறிக்கை வந்தது. அதே மாதத்தில், 2012 முதல் நின்று கிடந்த ஐரோப்பிய மலேசிய வாணிபப் பேச்சை மீண்டும் தொடங்குவதாக இரு தரப்பாரும் அறிவித்தனர். மேசையின் ஒரு பக்கத்தில் இருபத்தேழு நாடுகளின் அதிகாரம் பெற்றவர். மறுபக்கத்தில் கோலாலம்பூர் அதிகாரிகள். ஜக்கார்த்தாச் செயலகத்துக்கு அம்மேசையில் இடமில்லை.